பழைய காரில் ஈசிஎம் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஆல்டோ, ஜென், வேகன் ஆர், சான்ட்ரோ, ஆக்சென்ட் என்று 1998-க்கும் 2010-க்கும் இடையில் வந்த பெட்ரோல் கார்களை இன்னும் அக்கறையாக வைத்து ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஈசிஎம்-ஐ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியை) கழற்றிப் போட்டுவிட்டு, அதே கோளாறோடு வண்டியைத் திரும்ப எடுத்து வருகிறவர்களைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பக்கம்.

ஈசிஎம், ஈசியூன்னு ஆளுக்கு ஒரு பேர் சொல்றாங்க. அது எங்க இருக்கு, என்ன பண்ணுது?

இரண்டும் ஒன்றுதான். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை அளந்துவிட்டது ஜெட். எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை, வந்ததும் அந்த வேலை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுக்குப் போய்விட்டது. கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழற்சியைக் கவனிப்பது), த்ராட்டில் சென்சார், மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளப்பது), தண்ணீர்ச் சூடு சென்சார், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் அதற்குச் செய்தி அனுப்பும். அது இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஐடிலிங் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐடில் மோட்டார், பம்ப் ரிலே, ஃபேன் ரிலே ஆகியவற்றுக்கு உத்தரவு போடும்.

சான்ட்ரோ 1998-ல் வந்தபோதே எம்பிஎஃப்ஐ. மாருதி 800-ல் இரண்டு வகையும் உண்டு. இந்தக் காலத்துக் கார்களில் ஈசிஎம் பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியிலோ க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ இருக்கும். ஏசி தண்ணீர் கசிந்தாலோ, முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் இறங்கினாலோ அது முதலில் போகும் இடமும் அங்கேதான்.

ஓடிட்டிருக்கும்போதே வண்டி ஆஃப் ஆகுது. மெக்கானிக் பார்த்ததும் ஈசிஎம் போச்சுன்னுட்டார். நம்பலாமா?

பார்த்ததும் சொன்னார் என்றால் நம்ப வேண்டாம். ஈசிஎம் பழுதை யாரும் பார்த்தவுடன் சொல்ல முடியாது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று நிரூபித்த பிறகு, கடைசியில் வந்து நிற்கும் முடிவு அது. "எதை அளந்து பார்த்தீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்த வயரில் எத்தனை வோல்ட் இருந்தது என்று பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். "இந்த மாடலுக்கு இதுதான் வரும்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஓடும்போது நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சார், உள்ளே கருகிய மெயின் ரிலே, தேய்ந்த இக்னிஷன் ஸ்விட்ச், களைத்த பெட்ரோல் பம்ப், லூஸான எர்த். இவை ஒவ்வொன்றும் ஈசிஎம் போனது மாதிரியே நடிக்கும். எல்லாமே ஈசிஎம்-ஐ விட மலிவு.

செக் லைட் எரியுது. அப்போ ஈசிஎம் காலியா?

நேர் எதிர். செக் லைட் எரிகிறதென்றால், அதை எரியவிடும் அளவுக்கு ஈசிஎம் வேலை செய்கிறது. ஏதோ ஒரு சென்சாரைப் பற்றியோ அதன் வயரைப் பற்றியோ அது புகார் சொல்கிறது. முதலில் அந்தப் புகாரை ஸ்கேனரில் படியுங்கள். ஈசிஎம் தன்னைத் தானே குறை சொல்லும் கோடுகளும் (ஸ்கேனரில் வரும் கோளாறு எண்கள்) உண்டு. பி0601 முதல் பி0606 வரை உள்ளவை அந்த வகை. அப்படி வந்தாலும் பேட்டரி வோல்டேஜையும் எர்த்தையும் சரிபார்த்து, கோடை அழித்துவிட்டு, மறுபடி வருகிறதா என்று பார்த்த பின்பே பெட்டியைச் சந்தேகப்படுங்கள்.

கவலைப்பட வேண்டியது சாவியைத் திருப்பியும் செக் லைட் எரியவே இல்லை என்றால்தான். இன்ஜின் ஓடாமல் சாவி ஆன் நிலையில் இருக்கும்போது அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம், ஈசிஎம்முக்குக் கரண்ட் வராமல் இருக்கலாம், ஈசிஎம்மே போயிருக்கலாம். சந்தேகப்படும் வரிசையும் அதுவே.

ஈசிஎம்முக்கு உயிர் இருக்கான்னு வீட்டிலேயே பார்க்க வழி இருக்கா? கையில மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கு.

மல்டிமீட்டர் போதும். சாவியை ஆன் செய்யுங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். செக் லைட் வருகிறதா? பின்சீட்டுக்குக் கீழிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகி நிற்கிறதா? இரண்டும் நடந்தால் ஈசிஎம் விழித்துக்கொண்டது என்று பொருள்.

அடுத்து த்ராட்டில் சென்சார் கப்ளரை (வயரை இணைக்கும் ப்ளக்கை) கழற்றி வயர் பக்கம் அளந்து பாருங்கள். மூன்று வயரில் ஒன்றில் 5 வோல்ட் இருக்க வேண்டும். இது ஈசிஎம் தனக்குள் தயாரித்து சென்சார்களுக்கு அனுப்பும் கரண்ட். 5 வோல்ட் இல்லை என்றதும் பெட்டியைக் கழற்றிவிடாதீர்கள். மேப் சென்சாரும் பெரும்பாலும் அதே வயரில்தான் இருக்கும். ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் எல்லாவற்றுக்கும் 5 வோல்ட் படுத்துவிடும். மீட்டரை வைத்தபடியே மற்ற சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் எழுந்து வருகிறதோ அதுதான் குற்றவாளி. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் இதைச் செய்யாமலே விற்றுப்போகும் ஈசிஎம்கள் ஏராளம்.

கரண்ட், எர்த் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது? நான் பார்த்தேன், 12 வோல்ட் காட்டுது.

லோடு இல்லாமல் அளந்தால் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டும். அதை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, கரண்ட் வர வேண்டிய வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்துப் பாருங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம். மங்கினால் ஃப்யூஸிலிருந்து ரிலே வரைக்கும் எங்கோ அடைப்பு. பல்ப் வைக்கும்போது கப்ளர் பின்னை அகட்டிவிடாதீர்கள், பிறகு அதுவே லூஸ் காண்டாக்ட் ஆகிவிடும். இந்தப் பல்பைக் கரண்ட் வரும் வயரில் மட்டும் வையுங்கள், சென்சார் வயரில் வைக்கவே கூடாது.

பொதுவாக ஈசிஎம்முக்கு மூன்று வழியில் கரண்ட் வரும்: நினைவைக் காக்க எப்போதும் வரும் வயர், சாவி போட்டதும் வரும் வயர், மெயின் ரிலே வழியாக வரும் வயர். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எர்த்தைப் பார்க்க, கப்ளரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, ஈசிஎம் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இந்த எர்த் வயர் பல வண்டிகளில் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு சின்ன போல்ட்டில் மாட்டியிருக்கும். ஹெட் கேஸ்கெட் வேலை பார்த்துவிட்டு அதை மாட்ட மறந்துவிடுவார்கள், அல்லது பெயிண்ட் மேலேயே முறுக்கிவிடுவார்கள். இன்ஜின் வேலைக்குப் பிறகு தொடங்கிய எந்த விநோதக் கோளாறுக்கும் முதலில் அந்தப் போல்ட்டைத்தான் பார்ப்பேன்.

பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஈசிஎம் ரீசெட் ஆகி, ஸ்பார்க் கொடுக்காமல் போகக்கூடும்.

ஸ்கேனர் கனெக்டே ஆகல. அப்போ பெட்டி போனது உறுதிதானே?

இல்லை. நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு, கட்டாயமானது 2010 ஏப்ரலில், பிஎஸ் 4 என்ற புகை விதிகளோடு. அதுவும் முதலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில்தான். அதற்கு முந்தைய வண்டியில் அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும், உள்ளே கம்பெனிக்குக் கம்பெனி வேறு பாஷை. ஆன்லைனில் வாங்கும் சின்ன ப்ளூடூத் அடாப்டர் அங்கே ஊமையாக நிற்பது இயல்பு. அந்தக் கம்பெனிக்குரிய மென்பொருள் உள்ள ஸ்கேனர் வேண்டும்.

சரியான ஸ்கேனரும் பேசவில்லை என்றால் சாக்கெட்டை அளந்து பாருங்கள். 16-ஆம் பின்னில் பேட்டரி வோல்டேஜ், 4, 5 பின்களில் எர்த் இருக்க வேண்டும். 16-இல் இல்லை என்றால் பெரும்பாலும் சிகரெட் லைட்டர் ஃப்யூஸ் அல்லது ரூம் லைட் ஃப்யூஸ் போயிருக்கும். அதுவும் சரி, முந்தைய பதிலில் சொன்ன கரண்ட், எர்த் எல்லாம் சரி, 5 வோல்ட்டும் இல்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் இப்போது பெட்டியைச் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கல. ப்ளக், வயர் எல்லாம் மாத்தியாச்சு. இது ஈசிஎம்மா?

இருக்கலாம். ஈசிஎம் முழுதாகச் சாவது அரிது, ஒரு டிரைவர் மட்டும் போவதுதான் அதிகம். டிரைவர் என்பது உள்ளே ஒவ்வொரு இன்ஜெக்டரையும் காயிலையும் ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்.

அடிக்காத சிலிண்டரின் இன்ஜெக்டர் கப்ளரில் எல்இடி டெஸ்ட் லேம்பை மாட்டி செல்ஃப் அடியுங்கள். மின்னினால் ஈசிஎம் தன் வேலையைச் செய்கிறது, கோளாறு இன்ஜெக்டரிலோ கம்ப்ரெஷனிலோ இருக்கிறது. மின்னவில்லை, பக்கத்து சிலிண்டரில் மின்னுகிறது என்றால் அந்த வயரை ஈசிஎம் கப்ளர் வரை தொடர்ந்து போங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு வயரின் இரு முனைக்கும் கன்டின்யூட்டி பாருங்கள், பாடியோடு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எலி கடித்த வயர் இந்த இடத்தில் அடிக்கடி அகப்படும். வயர் முழுசாக இருந்தும் துடிப்பு வரவில்லை என்றால் ஈசிஎம்முக்குள் அந்த டிரைவர் போய்விட்டது. யாரிடமும் தயங்காமல் காட்டக்கூடிய ஆதாரம் இது.

காலையில நல்லா ஓடுது. அரை மணி நேரம் ட்ராஃபிக்ல போனா நின்னுடுது. ஆறினா மறுபடி ஸ்டார்ட் ஆகுது.

இதில் இரண்டு சந்தேக நபர்கள்: கிராங்க் சென்சார், ஈசிஎம் போர்டில் விட்டுப்போன சால்டர் (பாகங்களைப் பிடித்திருக்கும் ஈயப் பற்று). பிரிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டி நின்ற அந்த நேரத்திலேயே ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடித்தபடி ஆர்பிஎம் பாருங்கள். ஸ்கேனர் பேசுகிறது, ஆர்பிஎம் மட்டும் பூஜ்யம் என்றால் முதலில் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். ஸ்கேனரே துண்டித்துக்கொண்டால் மெயின் ரிலே, அல்லது பெட்டி.

பெட்டியைச் சோதிக்க, இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றலாம், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டலாம். தட்டும்போதெல்லாம் இன்ஜின் தடுமாறினால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது, அல்லது கப்ளர் பின் லூஸ். ஹீட் கன் வேண்டாம், நல்ல போர்டையும் கெடுத்துவிடும்.

வெள்ளத்துல கார் நின்னுச்சு. தண்ணி சீட் வரைக்கும் வந்துடுச்சு. ஈசிஎம் பிழைக்குமா?

சாவி போடவில்லை என்றால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கிய கார்களில், "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியதால் போன ஈசிஎம்கள் பல. தண்ணீர் மட்டும் உடனே கொல்வதில்லை. தண்ணீரோடு கரண்டும் சேரும்போதுதான் பின்களும் போர்டின் செம்புத் தடங்களும் மளமளவென்று அரிக்கின்றன. ஈசிஎம்முக்கு எப்போதும் கரண்ட் வரும் வயர் ஒன்று உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் சாவி போடாவிட்டாலும் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை பேட்டரி மைனஸைக் கழற்றுவது. பிறகு ஈசிஎம்-ஐக் கழற்றித் திறந்து, சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் இரண்டு நாள் உலர விடுங்கள். கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். வேகம்தான் இங்கே முக்கியம், ஒரு வாரம் கழித்துச் செய்வதால் பயன் குறைவு.

ரிப்பேர் பண்றாங்களாமே? பண்ணலாமா, இல்ல வேற வாங்கறதே நல்லதா?

போர்டு திறக்கக்கூடிய வகை என்றால் ரிப்பேருக்குத்தான் என் ஓட்டு. உங்கள் வண்டிக்கே உரிய பெட்டி, உங்கள் சாவியை அறிந்த பெட்டி, வயரிங்கோடு பொருந்துமா என்ற கேள்வியே எழாது. கசிந்த கெப்பாசிட்டர், போன டிரைவர், விட்ட சால்டர், அரித்த தடம் ஆகிய நான்கும் கைதேர்ந்தவருக்குச் சரிசெய்யக்கூடியவை. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பாகங்களே பல வேலைகளுக்குப் போதும். உள்ளே ஜெல் ஊற்றி மூடியதும், செராமிக் தகட்டில் செய்ததும் கடினம். பிராசஸர் சிப்பே போயிருந்தாலும் விட்டுவிடலாம்.

ரிப்பேர் செய்பவரிடம் எந்தப் பாகத்தை மாற்றினார் என்று கேட்டு, கழற்றிய பழைய பாகத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுப்பேட்டையில ஒரு பழைய ஈசிஎம் கிடைக்குது. அதே மாடல், கப்ளரும் அப்படியே பொருந்துது. வாங்கிடலாமா?

கப்ளர் பொருந்துவது போதாது. ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். மாருதி சுசுகி ஈசிஎம் நம்பர் 33920 என்றும், ஹூண்டாய் 39110 என்றும் தொடங்கும். பாஷ் தயாரித்த பெட்ரோல் ஈசிஎம்மில் 0 261 என்று தொடங்கும் பாஷ் நம்பரும் இருக்கும். முன்பகுதி ஒன்றாக இருந்து பின்பகுதி மாறினால் அது பிஎஸ் 2-க்கும் பிஎஸ் 3-க்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம், ஏசி உள்ளது இல்லாதது என்பதாக இருக்கலாம், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) விஷயமாகவும் இருக்கலாம். பொருந்தாத பெட்டியில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுவதும் உண்டு. பிறகு ஏசி போட்டால் நிற்கும், ஃபேன் சுற்றாது, புகைச் சோதனையில் தேறாது.

வாங்குமுன் மூடியின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா, பின்கள் நேராகவும் களிம்பில்லாமலும் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுப்பதாக பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தர மறுக்கும் இடத்தில் வாங்கவே வேண்டாம். திருட்டு வண்டியின் பாகம் உங்கள் காரில் உட்கார்ந்துவிடக் கூடாது.

வேற ஈசிஎம் போட்டேன். செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல. மீட்டர்ல சாவி படம் மின்னுது.

இம்மொபிலைசர். மாருதியில் இதை ஐகேட்ஸ் என்பார்கள். சாவிக்குள் ஒரு சிப், ஸ்டீயரிங் பூட்டைச் சுற்றி ஒரு காயில், அந்த இரகசிய எண்ணை ஒப்பிடும் ஈசிஎம். வேறு வண்டியின் ஈசிஎம் உங்கள் சாவியை அந்நியனாகப் பார்க்கிறது.

வழி மூன்று. ஒன்று, அதற்குரிய ஸ்கேனரால் புதிய பெட்டியையும் சாவியையும் ஜோடி சேர்ப்பது. சில பழைய பெட்டிகள் ஒருமுறை ஜோடி சேர்ந்துவிட்டால் மறுபடி ஏற்காது. இரண்டு, பழைய ஈசிஎம்மின் மெமரி சிப்பில் உள்ளதைப் படித்துப் புதியதில் எழுதுவது. பல பழைய பெட்டிகளில் இது எட்டுக் கால் உள்ள சின்ன சிப், போர்டு செத்திருந்தாலும் சிப் பெரும்பாலும் பிழைத்திருக்கும். எனக்கு உகந்த வழி இதுதான். மூன்று, ஒரே வண்டியிலிருந்து ஈசிஎம், இம்மொபிலைசர் பெட்டி, சாவி மூன்றையும் சேர்த்தே வாங்குவது. இம்மொபிலைசரையே செயலிழக்கச் செய்து தருகிறோம் என்பார்கள். தெருவில் நிறுத்தும் வண்டிக்கு அந்தக் காவலை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனமில்லை.

மாத்தின ஈசிஎம்மும் ஒரு வாரத்துல போச்சு. டூப்ளிகேட் கொடுத்துட்டாங்களா?

அப்படி இருக்கலாம். ஆனால் பழையதைக் கொன்றது எதுவோ அதுவே புதியதையும் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். டிரைவர் சும்மா போவதில்லை, எதிர்முனையில் ஏதோ ஷார்ட் ஆகி அதிகக் கரண்ட் இழுத்திருக்கும். வேறு பெட்டியை மாட்டும் முன் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் ஓம் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 11-க்கும் 17-க்கும் இடையே இருக்கும், எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவும் இருக்கும். ஐடில் மோட்டாரின் இரண்டு காயிலும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைத்துக் காட்டினால் அந்த மோட்டாரை அப்படியே மாட்டாதீர்கள், ஈசிஎம்-ஐப் பலிவாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இக்னிஷன் காயில் சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிறகு சார்ஜிங். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கட்டும். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் போய்விட்டது. மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டில் வைத்தும் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே டையோடு போயிருக்கிறது.

வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டினா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கான்னு தெரியும்னு எங்க ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்வார். தப்பா?

அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பழகிய கை அது. கார்புரேட்டர் வண்டியில் ஆபத்து குறைவு. எம்பிஎஃப்ஐ வண்டியில் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பேட்டரி திடீரென்று விலகும்போது ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும், அதை வாங்குவது ஈசிஎம். மேலே சொன்ன மீட்டர் அளவே போதும், கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் ஈசிஎம் கப்ளர்களையும் கழற்றச் சொல்லுங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டில் பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்கப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மாட்டியாச்சு, ஓடுது. ஆனா ஐடிலிங் ஏறி ஏறி இறங்குது. இதுவும் கோளாறா?

அவசரப்பட வேண்டாம். புதிய பெட்டிக்கு உங்கள் இன்ஜின் பழக்கமில்லை. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஏசி, விளக்கு எல்லாம் ஆஃபில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓரிரு முறை சுற்றி நிற்கும் வரை ஐடிலிங்கில் விடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் வேக்கம் ஹோஸில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஈசிஎம்-ஐ கொடுத்தா விலை குறைப்பேன்னு கடைக்காரர் சொல்றார். கொடுத்துடவா?

இப்போது வேண்டாம். வண்டி ஒரு மாதமாவது மழையிலும் வெயிலிலும் ட்ராஃபிக்கிலும் நிற்காமல் ஓடட்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டி என்றால் உங்கள் சாவியின் எண் அந்தப் பழைய சிப்பில்தான் இருக்கிறது, மெமரியைப் படித்து நகல் எடுக்காதவரை அதைக் கைவிடவே கூடாது. பார்ட் நம்பர் ஸ்டிக்கரைத் தெளிவாகப் படம் எடுத்து போனில் வைத்துக்கொண்டு, பெட்டியை ஈரம் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.